கரையும் துளிக்குப் பெயர் எதற்கு?

பத்தமடையில் ஒருவரைப் பெருமைப்படுத்த நினைத்தால் சால்வையோடு விட மாட்டார்கள், பாயும் கொடுப்பார்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்திலும் கொடுத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் பேசி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கையில், கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்வதுபோல அவர் பெயரை நெய்த நைஸ் பாய். அவர் அதை மேடையிலேயே விரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். புள்ளி ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சந்தேகம். பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே மனிதர்தானே, மனிதன் கடலில் கரையும் துளி, செத்த பிறகும் தனக்கொரு பெயரும் உடம்பும் வேண்டுமென்று கேட்பது பக்குவமில்லாத மனத்தின் பேராசை, கிறிஸ்தவரின் உயிர்த்தெழுதல் நம்பிக்கை அந்தப் பேராசைக்குக் கட்டிய கோபுரம் என்று முழங்கினார்? கரையப்போகிற துளிக்குப் பெயர் எதற்கு? அதில் புள்ளி இருந்தால் என்ன, விழுந்தால் என்ன?

அந்த உரை இப்போது சிறு வெளியீடாகவும் வந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை, அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, அதைத்தான் சொல்கிறாரா என்று நம்ப முடியாமல். கிறிஸ்து உயிர்த்தார், பரமேறினார், பிதாவின் வலது பாரிசத்தில் இருக்கிறார் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுகிற திருநெல்வேலி வேதக்காரர்கள் எல்லோரும் அண்ணாச்சியின் கணக்கில் அபின் தின்றவர்கள். அதோடு அரிசிக்கு விலைபோனவர்கள். அதோடு சொந்த ஊர் மாடன் கதையை வெள்ளைக்காரனிடம் இரட்டை விலைக்கு வாங்கி ஏமாந்தவர்கள். அதோடு ராஜசபைக்குக் கும்பிடு போடும் அடிமைகள். ஒரு நோயாளிக்கு நாலு வியாதி சொல்லும் வைத்தியரைக்கூட நம்பலாம். அந்த நாலும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கவே முடியாத வியாதிகள் என்றால், நோயாளியை விட்டுவிட்டு வைத்தியரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதானே முறை?

அபினிலிருந்தே தொடங்குவோம். கிறிஸ்தவ நம்பிக்கை மறுமைப் போதை, இம்மையின் பசியை மறக்கடிக்கத் துரைமார் கொடுத்த மருந்து என்கிறார். நாலு பக்கம் தள்ளி, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காகக் கூட்டம் கூட்டமாக வேதத்தில் சேர்ந்தார்கள் என்றும் எழுதுகிறார். அண்ணாச்சி, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அரிசிக்கு வந்தவனுக்கு இம்மையைத் தவிர வேறு குறி கிடையாது. அபினுக்கு வந்தவனுக்கு இம்மையின் நினைவே கிடையாது. பசியை மறக்க மருந்தும் கொடுத்து, மறக்கக் கூடாதென்று சோறும் போடுகிற கிறுக்கு வியாபாரி எந்தச் சந்தையில் கடை விரித்திருக்கிறான்? மார்க்சிடமிருந்து அபினைக் கடன் வாங்கியவர், அதற்கு முந்தைய வாக்கியங்களைப் படித்ததாகவும் தெரியவில்லை. அங்கே மார்க்ஸ் போதைக்காரனைப் பரிகாசம் செய்யவில்லை, வலியில் கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பஞ்சத்தில் வந்தார்கள் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. வயிறு உள்ளவர்கள் வந்தார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? லூக்கா எழுதியபடி, உயிர்த்தெழுந்தவர் பயந்து நின்ற சீடர்களிடம் கேட்டவற்றில் ஒன்று, சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்பது. அவர்கள் கொடுத்த மீன் துண்டை அவர்கள் கண் முன்னாலேயே தின்றார். பசியை மறக்கச் சொல்லும் மதமாக இருந்தால் அதன் மூலவர் இப்படியா நடந்துகொள்வார்? தவிர, பஞ்சத்துக்கு நூறு வருஷம் முந்தியே இங்கே சபை இருந்தது. 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் எந்த அரிசிக்கு வந்தார்? தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கிலப் பட்டாள அதிகாரி இழுத்துக் காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்த அதிகாரியோடு மணமில்லாமல் வாழ்ந்த காரணத்துக்காக சுவார்ட்ஸ் ஐயரே முதலில் ஞானஸ்நானம் தர மறுத்திருக்கிறார். ஊர் எரிக்க நினைத்த உடம்பு, ஐயர் தீட்டென்று தள்ளிய உடம்பு. அதே அம்மாள் 1785இல் தன் பணத்தில் கட்டியெழுப்பியதுதான் பாளையங்கோட்டையில் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று சனங்கள் சொல்லும் கோவில். 1799இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உண்டானபோதும் யாரும் கஞ்சித்தொட்டி திறக்கவில்லை. வேதத்தில் சேர்ந்ததற்காக அடிபட்டு, குடிசையும் ஜெபவீடும் இழந்து ஓடி வந்தவர்களுக்கு, அவர்களில் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. சில வருஷத்தில் அவர் காணாமல் போனார். நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்பது அந்தப் பக்கத்துச் சபைகளில் இன்றும் உள்ள பேச்சு. அபின் தின்றவனை யாராவது மெனக்கெட்டு நஞ்சு வைத்துக் கொல்வார்களா? அவன்பாட்டுக்குத் திண்ணையில் கிடக்கட்டும் என்று விட்டுவிட மாட்டார்களா?

இனி உடம்பு விஷயம். இங்கேதான் அண்ணாச்சி தன் தலைவரிசையான வாணத்தைக் கொளுத்தினார். பத்தமடையில் நின்றுகொண்டு சுவாமி சிவானந்தரைச் சாட்சிக்கு அழைக்காமல் இருக்க முடியுமா? 1887இல் இந்த ஊரில் பிறந்து ரிஷிகேசத்தில் உலகப் புகழ் பெற்றவர். ஆத்மா அழியாது, உடம்பு கழற்றிப் போடும் சட்டை என்பது அவர் வழி வந்த உயர்ந்த தத்துவம். புதைத்த உடம்பு எழுந்து வரும் என்பது கசாப்புக் கடைத் தத்துவம், கிழக்கு அறியாத மேற்கத்திய முரட்டுத்தனம் என்றார். கைதட்டல். நான் திரும்பி மண்டபத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பாய் நெசவுக்காரர்கள், லெப்பைக் குடும்பத்துப் பெரியவர்கள். கியாமத் நாளில் கபர் திறக்கும், உடம்போடு எழுந்து கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் தொழுகிற மனிதர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் சிலுவையைப் பற்றித் தீராத வழக்கு உண்டு. இயேசு சிலுவையில் சாகவே இல்லை என்பது அவர்கள் கட்சி, செத்தார் என்பது எங்கள் கட்சி. ஆயிரத்து நானூறு வருஷமாக நேர்மையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் எழுப்பப்படுவது உடம்பு என்பதில் எங்களுக்குள் சண்டை கிடையாது. அந்த நம்பிக்கையைக் கசாப்புக் கடை என்று அவர்கள் ஊரிலேயே, அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அவர்கள் கை நெய்த பாயை வாங்கிக்கொண்டு இறங்கினார் அண்ணாச்சி. விருந்தாளி என்பதால் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைக்கும் சம்மதத்துக்கும் வித்தியாசம் தெரியாதது அவருடைய முதல் குறை அல்ல.

மேற்கத்திய முரட்டுத்தனமாம். வள்ளலார் எந்த மேற்கில் பிறந்தார்? மரணமிலாப் பெருவாழ்வு என்று வாழ்நாளெல்லாம் பாடியவர், இறந்தவர்களைச் சுடாதீர்கள், புதையுங்கள், எழுப்பப்படுவார்கள் என்று சன்மார்க்கத்தாருக்குச் சட்டம் போட்டவர், 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பம் அறைக்குள் போனவர். அவர் சொன்னது எங்கள் விசுவாசம் என்று நான் சொந்தம் கொண்டாட வரவில்லை. ஆனால் உடம்பைச் சட்டை என்று கழற்றி எறிய மறுக்கும் ஒரு நெடிய மரபு, திருமூலரிலிருந்து சித்தர்கள் வழியாக, இந்த மொழிக்குள்ளேயே இருக்கிறதா இல்லையா? அண்ணாச்சி தமிழ் வாத்தியாராக இருந்தவர் வேறு.

சிவானந்தரையாவது விட்டாரா? அவர் படித்தது மருத்துவம். பத்து வருஷம் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் சீழ்ப் புண்ணைக் கழுவியவர், ரிஷிகேசத்துக்குப் போன பிறகும் நோயாளிகளை விடாதவர். உடம்பு வெறும் சட்டை என்றால் அதன் கிழிசலை இத்தனை சிரத்தையாக ஒருவர் தைப்பானேன்? அவர் கல்லூரிக்குப் போனது திருச்சியில் எஸ்.பி.ஜி. மிஷன் நடத்திய கல்லூரிக்கு. அண்ணாச்சி பக்கத்துக்குப் பக்கம் வைகிற அதே மிஷன். சாட்சியைக் கூப்பிடுமுன் அவர் யாருக்குச் சாட்சி சொல்வார் என்று விசாரித்துவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பது முன்சீப் கோர்ட்டு குமாஸ்தாவுக்கும் தெரிந்த சங்கதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவருடைய முழுக் கட்டடத்துக்கும் அடியில் விரிசல் இங்கேதான். கிறிஸ்தவன் உலகத்தை விட்டு மேலே பறந்துபோக ஆசைப்படுகிறான் என்று வைகிறார். அத்வைதி உலகமே தோற்றம் என்று சொன்னால் அது ஞானம் என்று கும்பிடுகிறார். ஆனால் உயிர்த்தெழுதல் என்ற சொல் குறிப்பது பறந்துபோவதை அல்லவே. செத்தபின் ஆவி மேலே போய்ச் சுகமாக இருக்கும் என்பதுதான் அந்த நம்பிக்கை என்றால், கல்லறை காலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை; உடம்பு அங்கேயே கிடந்து மக்கலாம், ஆவி மட்டும் போய்ச் சேரலாம். கல்லறை காலி என்று சொன்னவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள்: இந்த உடம்பு, இந்த மண், இந்தப் பசி, இந்தத் தழும்பு எதுவும் கழிவு இல்லை, கடவுள் இதை எறிந்துவிட்டு வேறு செய்யப் போவதில்லை, இதையே எடுத்துப் புதுக்கப் போகிறார். அண்ணாச்சி எதை எங்கள் குற்றமாகச் சொல்கிறாரோ அது எங்களிடம் இல்லை. எதைத் தன் பெருமையாகச் சொல்கிறாரோ அதில் இருக்கிறது.

அவருக்குக் கவிதையும் வரும். தாமிரபரணிக் கரையில் கோரையை அறுத்தால் மறுபடி துளிர்க்கிறது, உயிர்த்தெழுதல் என்பது இந்த இயற்கைச் சுழற்சிக்குப் பழைய மனிதர்கள் சூட்டிய பெயர், அவ்வளவுதான் என்று உருகினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரப் பெரியவர் குனிந்து என் காதில் சொன்னார்: "அறுத்த கோரை பாயாத்தான் ஆவும், முளைக்காது. முளைக்கது வேறல்லா." காயப்போட்டு, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூலாகக் கிழிக்கிற கோரை எங்கே துளிர்த்தது? துளிர்ப்பது அறுபடாத வேர். வருஷா வருஷம் வேறொரு கோரை வருவதில் செத்த கோரைக்கு என்ன லாபம்? மகனை ஆற்றில் இழந்த தாயிடம், கவலைப்படாதே, ஊரில் வேறு பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று சொல்ல அண்ணாச்சியால் முடியுமா? சுழற்சித் தத்துவம் சொல்லும் ஆறுதல் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், அவர் உரையில் ஒரே ஒரு வலுவான வாதம் இருந்தது. முத்துப்பட்டன். அந்த இடம் வந்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நா. வானமாமலை பதிப்பித்த கதை, நம் பக்கத்து வில்லுப்பாட்டில் இன்றும் கேட்கிற கதை. பிராமணப் பிள்ளை பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை விரும்புகிறான், அவர்களுக்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்து எறிகிறான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான், மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டையிட்டுச் சாகிறான், தெய்வமாகிறான். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட செருப்பு, யாரோ போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்று ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். நம்மூரில் அநியாயமாகக் கொலையுண்டவன் எவனும் சாமியாவான், இயேசுவும் அப்படி ஆனவர், இதில் என்ன புதுமை என்பது அண்ணாச்சியின் கேள்வி.

நல்ல கேள்வி. பதிலை அவர் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கொலையுண்டவர்களை மறக்காத மண் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சிலுவையில் செத்த ஒருவரை இந்த மண் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டதற்கு அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் நம் மாடன்களும் பட்டன்களும் ஏன் திரும்பி வருகிறார்கள்? ஆறாத கோபத்தால் வருகிறார்கள். கணக்குத் தீரவில்லை, அதனால் வருகிறார்கள். கொன்ற வம்சத்தைக் கலங்க அடிக்கிறார்கள். பீடம் போட்டு, படையல் வைத்து, கிடா வெட்டிச் சாந்தப்படுத்த வேண்டியிருக்கிறது. செத்த இடத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். அவர்கள் செத்தவர்கள்தான், வலிமை வாய்ந்த செத்தவர்கள். இந்தக் கதைகளில் நீதி கேட்கும் குரல் இருக்கிறது. மரணம் தோற்ற சேதி மட்டும் இல்லை.

இப்போது சிலுவையில் செத்தவரைப் பாருங்கள். காட்டிக்கொடுத்தவனும் மறுதலித்தவனும் விட்டுவிட்டு ஓடினவர்களுமாக அவரைச் சுற்றி இருந்தது ஒரு கூட்டம். கொலையுண்டவர் திரும்பி வந்தால் அவர்கள் கதி என்ன? நம் வில்லுப்பாட்டுக்காரர்களைக் கேட்டால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு உடுக்கு ஓயாது. ஆனால் வந்தவர் சமாதானம் என்று சொல்லி வருகிறார். திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில், இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு வருகிறவர்களுக்குக் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். படையல் கேட்காத கொலையுண்டவர். படையல் சமைத்துப் போடுகிற கொலையுண்டவர். மூன்று முறை தெரியாது என்று சொன்னவனிடம், மூன்று முறை அன்பைக் கேட்டு, மந்தையை ஒப்படைக்கிறார். இதற்கு ஒப்பான ஒரு மாடன் கதையைச் சேரன்மகாதேவியிலிருந்து ஆத்தூர் வரைக்கும் ஆற்றின் இரு கரையிலும் தேடி அண்ணாச்சி கொண்டுவரட்டும், நான் பேனாவை மூடி வைக்கிறேன். இன்னொன்று: நம் தெய்வங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, வித்தியாசம் பார்க்காமல், இதெல்லாம் ஒரே சரக்கு என்று 1849லேயே எழுதியவர் ஒருவர் உண்டு. இடையன்குடி கால்டுவெல் ஐயர். அவர் அதைப் பேய் வணக்கம் என்று சொல்லித் தப்பு செய்தார். அண்ணாச்சி நாட்டார் மரபு என்று சொல்லி அதே தப்பைச் செய்கிறார். மிஷனரிகளைத் திட்டிக்கொண்டே மிஷனரியின் கண்ணாடியை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

காஷ்மீர்க் கதைக்கு அதிக நேரம் கொடுக்க மாட்டேன். இயேசு சிலுவையில் சாகவில்லை, மயங்கி விழித்து ஸ்ரீநகர் போய் முதுமையில் இறந்தார் என்று மிர்சா குலாம் அகமது 1899இல் எழுதினார். சின்ன வயதில் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் படித்தார் என்று 1894இல் நோட்டோவிச் என்ற ருஷ்யர் புத்தகம் போட்டார். அந்த வருஷமே மாக்ஸ் முல்லர் அதைச் சந்தி சிரிக்க வைத்தார். மறு வருஷம் டக்ளஸ் என்ற பேராசிரியர் ஹெமிசுக்கே நேரில் போய்க் கேட்க, தலைமை லாமா அப்படி ஒரு ஏடும் இல்லை, அப்படி ஒரு ஆசாமியும் வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணாச்சி அந்தப் பழைய கள்ளநோட்டைப் புதுநோட்டு மாதிரி மேடையில் நீட்டுகிறார். அதுவும் எப்படி? பதினோராம் பக்கத்தில் இயேசு என்ற ஆளே கட்டுக்கதையாக இருக்கலாம் என்கிறார், பதிமூன்றாம் பக்கத்தில் அவருக்கு ஸ்ரீநகரில் சமாதி இருக்கிறது என்கிறார். பிறக்காத பிள்ளைக்குக் கருமாதியா, அண்ணாச்சி?

சாட்சிகள் நம்பத்தகாதவர்கள், முதலில் பார்த்தவர்கள் பெண்கள்தானே என்று ஒரு கேலியும் உண்டு. இதை இரண்டாம் நூற்றாண்டிலேயே கெல்சுஸ் என்ற கிரேக்கர் செய்து முடித்துவிட்டார், அண்ணாச்சி பதினெட்டு நூற்றாண்டு தாமதம். பெண்களின் சாட்சியம் செல்லாது என்று அந்தக் காலத்து யூதப் பிரபு ஜோசபுஸ் எழுதி வைத்திருக்கிறார். கதை கட்டுகிறவன் கோர்ட்டில் செல்லாத சாட்சியையா முதலில் ஏற்றுவான்? நாலு சுவிசேஷக்காரர்களும் மகதலேனா மரியாளை முன்னால் நிறுத்துகிறார்கள் என்றால், ஊர் சிரித்தாலும் நடந்தது இது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே நேர் பொருள். காலமும் அப்படி ஒன்றும் நீண்டதல்ல. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்ற தொனியில் எழுதுகிறார். இருபத்தைந்து வருஷம் என்றால் எவ்வளவு? 1999 ஜூலை 23ஆம் தேதி கொக்கிரகுளத்தில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்களே, அதிலிருந்து இன்று வரைக்கும் எவ்வளவோ அவ்வளவு. அன்றைக்கு அங்கே நடக்காத ஒன்றை நடந்ததாக இன்று யாராவது திருநெல்வேலியில் சொல்லித் தப்ப முடியுமா? தண்ணீருக்குள் நின்றவர்கள் இருக்கிறார்கள், அண்ணாச்சி.

அந்தப் பதினேழு பேரைச் சொன்ன வாயோடு பரமேறுதலுக்கு வருகிறேன். வலது பாரிசம், சிங்காசனம், மகிமை எல்லாம் தர்பார் பாஷை, ராஜாவுக்குக் குனிந்து பழகியவர்கள் கடவுளுக்கும் குனிந்தார்கள், வெள்ளைக்கார ராஜ்யத்துக்கு இது வசதியாகப் போயிற்று என்பது அவர் வாதம். பாஷை தர்பார் பாஷைதான், மறுக்கவில்லை. நூற்றுப்பத்தாம் சங்கீதத்திலிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டுக்காரர்கள் அதை எடுத்தாண்ட அளவுக்கு வேறெந்தச் சங்கீதத்தையும் எடுத்தாளவில்லை. கேள்வி, சிங்காசனம் உண்டா என்பதல்ல. அதில் உட்கார்ந்திருப்பது யார்? ரோமாபுரிக்கும் பரமேறுதல் தெரியும். கி.பி. 14இல் அகஸ்துஸ் செத்தபோது, அவர் வானத்துக்கு ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று நுமேரியுஸ் அத்திகுஸ் என்ற பழைய அதிகாரி சத்தியம் செய்தார். ராஜமாதா லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்தர்ஸ் கொடுத்தார். இது தர்பார். ஏற்கெனவே மேலே இருந்தவரை இன்னும் மேலே ஏற்றி, பார்த்தவருக்குக் கூலி. அதற்குப் பதினாறு பதினேழு வருஷம் கழித்து அதே ராஜ்யத்தின் ஓர் அதிகாரி, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று வைத்திருந்த சாவை, நம் பக்கத்துக் கழுமரம் மாதிரியான சாவை, நாசரேத்துத் தச்சர் ஒருவருக்குக் கொடுத்தான். கடவுள் மேலே உயர்த்தி வைத்தது இவரை என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த கூலி சாட்டையடி. உயர்த்தப்பட்டவர் கையில் ஆணித் தழும்பு ஆறி மறைந்துவிடவும் இல்லை. அரசாங்கம் கொன்று, கோப்பை மூடி, சங்கதி முடிந்தது என்று எழுதிவிட்ட ஒருவர்தான் கடைசியில் எல்லாக் கோப்புகளையும் திறக்கப் போகிற நீதிபதி என்பது எந்த ராஜாவுக்கு வசதி? கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஆற்றில் செத்தவர்களைப் பற்றிக் கரையும் துளித் தத்துவம் என்ன சொல்லும்? துளி தண்ணீரில் சேர்ந்தது என்றா?

பெயர் ஆசை என்றாரே, அதற்கும் ஒரு பதில் டோனாவூரில் இருக்கிறது. ஐம்பது வருஷம் அங்கே பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951இல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அம்மை என்ற ஒற்றைச் சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். தன் பெயர் வேறொரு நினைவில் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவருக்குக் கல்லும் வேண்டாம், பாயும் வேண்டாம். கரைந்துவிடுவோம் என்று நம்புகிறவர்தான் விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, இத்தனை வாதமும் எதற்காக? வெளியீட்டின் கடைசிப் பக்கத்தில் அதுவும் வெளிப்பட்டுவிடுகிறது. மலைப்பிரசங்கத்து இயேசுவை நாங்கள் மதிக்கிறோம், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை மட்டும் நீங்கள் விட்டுவிட்டால் அவரைப் புத்தர், வள்ளுவர், காந்தியோடு வரிசையில் வைக்கத் தடையில்லை என்கிறார். அண்ணாச்சிக்கு வேண்டியது சுவரில் மாட்ட ஒரு படம். செத்துப்போன ஆசிரியர் நல்லவர். மேற்கோள் காட்டலாம், பிறந்தநாள் கொண்டாடலாம், நமக்குப் பிடிக்காததை அவர் சொல்லவில்லை என்றும் சொல்லலாம். உயிரோடு இருக்கிறவரிடம் அந்த வசதி இல்லை. அவர் திருப்பிக் கேள்வி கேட்பார்.

அப்படி அவர் கேட்கிற கேள்வி ஒன்று எங்களுக்கு உண்டு; அண்ணாச்சிக்கு அது கண்ணில் படவே இல்லை என்பதில்தான் அவருடைய ஆராய்ச்சியின் லட்சணம் தெரிகிறது. வடக்கன்குளம் கோவிலில் 1872இல் இருந்து சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் நின்றது, 1910இல் இடித்தார்கள், இடித்ததற்காகக் கோர்ட்டுக்கும் போனார்கள். அந்தச் சுவர் போயிற்று. ஆனால் ஒரே எக்காளத்துக்கு ஒரே நாளில் எழுந்திருக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே, தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனியாகப் புதைக்கிறோம். ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தியோடு நடக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடக்கிறோம். உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள் செய்யக்கூடிய காரியம் இது, நம்புகிறோம் என்கிற நாங்கள் செய்கிறோம். அண்ணாச்சி, அடுத்த வெளியீட்டை அதைப் பற்றி எழுதுங்கள். நான் எதிர்வினை எழுத மாட்டேன். என்னிடம் பதில் இல்லை.